சாம்பார் தீர்ந்த வெள்ளிக்கிழமை

கோடம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டம் வெள்ளி ராத்திரி எட்டுக்கு. பத்துப் பேர், ஆளுக்கொரு பதார்த்தம். பி.காம். படித்த பாவத்துக்குச் செலவுக் கணக்கு என் தலையில்!

சாப்பாட்டைக் கடைசியில் வைத்தால் வேதபாடத்தின்போது எல்லார் கண்ணும் கிச்சன் மேலேயே. எனவே முதலில் பந்தி.

அன்றைக்கு 1 கொரிந்தியர் 11-ம் அதிகாரம். கி.பி. 55 வாக்கில் பவுல் எழுதிய கடிதம். சபை விருந்தில் இருக்கிறவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பட்டினி. பவுல் வெளுத்து வாங்குகிறார். ‘அந்தக் காலத்திலேயே இப்படியா!’ என்று உச்சுக் கொட்டினோம்.

ஒன்பது மணிக்கு, தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் பூரா நின்றுவிட்டு ஒரு தம்பி வந்தார்.

“சாப்டியாப்பா?”

“ஆச்சுண்ணே.”

பொய். சட்டியில் சாம்பாரும் இல்லை. பைபிளிலிருந்து யாரும் தலையை நிமிர்த்தவில்லை.

இப்போது பந்தி ஒன்பதே காலுக்கு. அதுவரை தாங்காதவர்களுக்கு பிஸ்கட் உண்டு. அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.