தண்ணீர் ஊற்றிக் கொல்லாதீர்கள்

ஒரே குருத்தைச் சுற்றி வட்டமாக அடுக்கிய தடித்த இலைகள், ஓரமெல்லாம் முள், நுனியில் ஊசி. மொட்டைமாடித் தோட்டக்காரர்கள் ஆசையோடு வாங்கும் அகேவ் செடி இது. நம்மூரில் ரயில் பாதை ஓரத்திலும் தோட்ட வேலியிலும் நிற்கும் ஆனைக் கற்றாழையும் அகேவ்தான். பூர்வீகம் மெக்சிகோ. வீட்டுத் தொட்டியில் இது வெயிலில் காய்ந்து சாவது அபூர்வம். அன்றாடம் ஊற்றும் தண்ணீரில் அழுகித்தான் சாகிறது. காரணம் புரிய வேண்டுமானால், இந்தச் செடி இரவில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கின்றன. அதே துளை வழியாக நீரும் ஆவியாகிப் போகும். மெக்சிகோவின் வடக்கே உள்ள சிவாவா பாலைவன வெயிலில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அங்கே வளரும் அகேவ் வகைகள் பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்த பிறகே துளைகளைத் திறக்கின்றன. உள்ளே வந்த கார்பனை மாலிக் அமிலமாக்கிச் செல்களுக்குள் சேமிக்கின்றன. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, சூரிய ஒளியில் சர்க்கரை தயாரிக்கின்றன. இரவே மாவரைத்து வைத்துக் காலையில் இட்லி ஊற்றுகிற கணக்குதான்.

இந்த இரவு அமிலத்தை நாக்கால் அறிந்து எழுதிவைத்தவர்களில் ஒருவர் நம் பக்கத்தில் வாழ்ந்தவர். மொராவியன் சபை ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹைன். ரணகள்ளி இலையை அவர் மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசான கசப்பு. லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு இதைக் கடிதமாக எழுதினார்; 1810-களில் அது அச்சேறியது. இதன் வேதியியல் தெளிவாக நூறாண்டுக்கு மேல் ஆனது. ரணகள்ளியின் கிராசுலேசி குடும்பப் பெயரையே இந்த முறைக்கும் வைத்தார்கள். சுருக்கமாக ‘கேம்’ என்பார்கள். கள்ளிகளும் அன்னாசியும் இதே வழியில்தான் பிழைக்கின்றன.

அகேவ் வேரும் இந்தச் சிக்கனத்துக்கு ஏற்றதுதான். ஆழம் போகாமல் மேல்மண்ணிலேயே பரவும். தூறல் விழுந்தாலும் குழிந்த இலைகள் நீரைச் செடியின் அடிக்கு வழியவிடும். மண் நனைந்த கொஞ்ச நேரத்தில் புது வேர்கள் முளைக்கத் தொடங்கும். மண் காயும்போது வேர் சுருங்கி மண்ணிலிருந்து விலகிக்கொள்வதால், செடிக்குள் சேர்ந்த நீர் மண்ணுக்குத் திரும்புவது குறையும். நனைவதும் காய்வதும் மாறி மாறி வந்தால்தான் இந்த வேருக்குச் சரிப்படும். ஓயாமல் ஈரமாக இருக்கும் மண்ணில் காற்றுக்கு இடமில்லை. வேர் மூச்சு முட்டிப்போகும்; பூஞ்சை புகுந்து அடிப்பகுதி கூழாகிவிடும்.

ஆகவே தொட்டிக் கலவையில் பாதிக்கு மேல் சரளை, செங்கல் உடைசல், பெருமணல் இருக்கட்டும். மீதிக்குச் செம்மண்ணும் கொஞ்சம் மக்கிய உரமும் போதும். தேங்காய் நார்க்கழிவு மிகுந்தால் ஈரம் தங்கும். தொட்டியின் அடியில் துளை கட்டாயம். நீர் தேங்கும் தட்டு வேண்டாம். ஊற்றும்போது அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். அடுத்த முறை, விரலை விட்டுப் பார்த்து மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் இலைகள் நீண்டு தளர்ந்து வட்டம் குலையும். கடலோர ஊர்களின் புழுக்கமான இரவுகளில் வளர்ச்சி மந்தமாகலாம். இரவு குளிர்ந்தால்தான் இது கார்பனை நன்றாக எடுக்கும். அதற்காக உரத்தைக் கொட்டிப் பயனில்லை.

இலைச்சாற்றில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். டெக்கிலா மதுவுக்காக நீல அகேவ் வெட்டும் மெக்சிகோ தொழிலாளர்களுக்கு இது பழகிய தொல்லை. சோற்றுக் கற்றாழை என்று நினைத்து முகத்தில் தடவிவிடாதீர்கள். அது அரேபியாவைச் சேர்ந்த வேறு இனம். பக்கக் கன்றுகளைப் பிரிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டுவாய் சில நாள் நிழலில் உலர்ந்தபின் நடுங்கள்.

ஆனைக் கற்றாழைக்கு நூற்றாண்டுச் செடி என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் 10 முதல் 30 ஆண்டுகளுக்குள் பூத்துவிடும். குருத்திலிருந்து 6 மீட்டரையும் தாண்டிப் பூந்தண்டு எழும். மெக்சிகோவில் பல அகேவ் இனங்களுக்கு மகரந்தம் சேர்ப்பவை, இரவில் தேன் தேடி வரும் நீள்மூக்கு வௌவால்கள். ஆண்டுக்கணக்கில் சேர்த்த சர்க்கரையெல்லாம் அந்தத் தண்டுக்கே செலவாகிவிட, பூத்த செடி மடிகிறது. எந்த உரமும் அதைத் தடுக்காது. அடியில் விட்டிருக்கும் கன்றுகளைப் பிரித்து நடலாம். வெள்ளைக் கோடிட்ட சிறிய இலைகள் கொண்ட விக்டோரியா மகாராணி அகேவ் பெரும்பாலும் கன்று விடாது. அது சிவாவா பாலைவனத்து இனம். காட்டிலிருந்து பிடுங்கி விற்கப்பட்டதால் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதை வாங்குவதானால், விதை போட்டு நர்சரியில் வளர்த்த செடிதானா என்று கேட்டு வாங்குங்கள்.