மரமா, ‘மர-இம்’மா?

ஒன்றாம் வகுப்புக் குழந்தை ‘மரம்’ என்ற சொல்லின் மேல் விரல் வைத்துப் படிக்கிறது: “ம... ர... இம்.” “சேர்த்துச் சொல்லுடா கண்ணா” என்கிறார் அம்மா. “மர இம்” என்கிறது குழந்தை. மூன்று எழுத்தும் அதற்குத் தெரியும், சொல்தான் வரவில்லை. மெய்யெழுத்தைத் தனியாக உச்சரிக்க வசதியாக முன்னால் ஓர் இகரம் போட்டு இக், இங், இச் என்று சொல்லிப் பழக்கியதன் விளைவு இது. ‘இம்’ அந்த எழுத்தைக் கூப்பிடும் பெயர். சொல்லுக்குள் ஒலிப்பது உதட்டை மூடியதும் வரும் ‘ம்’ மட்டுமே.

ஆங்கிலப் பள்ளிகளில் ஃபோனிக்ஸ் என்று சொல்லித்தருவதும் இந்த அடிப்படையில்தான். பி, ஐ, என் என்று பெயர்களை எவ்வளவு வேகமாக அடுக்கினாலும் ‘பின்’ வராது. ப், இ, ன் என்ற ஒலிகளை இழைத்துச் சொன்னால் வந்துவிடும். ஆகவே வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது பெரியவர்களின் உச்சரிப்பு. ‘மரம்’ என்பதை ‘மரம்ம்ம்’ என்று இழுத்துக் காட்டினாலே பல குழந்தைகள் பிடித்துக்கொள்கின்றன.

தமிழில் 247 எழுத்துகள் என்றதும் பெற்றோருக்குக் கலக்கம் வருகிறது. சுவரில் அட்டவணையை மாட்டி க, கா, கி, கீ என்று தினமும் ஒப்பிக்க வைக்கிறார்கள். வரிசையாகப் பாடும் குழந்தை நடுவில் ஓர் எழுத்தைக் காட்டிக் கேட்டால் திணறும். அதைவிட ட, ப, ம என்ற மூன்றோடு தொடங்கலாம். புள்ளி வைப்பதையும் காட்டிவிட்டால் படம், பட்டம், மட்டம், மடம் என்று அன்றைக்கே சொற்கள் கிடைக்கும். படித்த எழுத்து உடனே ஒரு சொல்லாக மாறுவதைப் பார்க்கும் குழந்தைக்கு அடுத்த எழுத்தின் மேல் ஆசை வருகிறது.

துணைக்குறிகளில்தான் நிஜமான சிரமம். கெ, கே, கை மூன்றிலும் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. வாய்க்கு முதலில் வருவதோ ககர ஒலி. ‘கொ’வில் குறி எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. காலும் ரகரமும் அச்சில் ஒன்றுபோலத் தெரிவதால் ‘காரம்’ படிக்கும்போது குழந்தை தடுமாறும். கு, சு, து, மு என்று உகரம் ஒவ்வோர் எழுத்திலும் ஒரு வடிவம் எடுக்கிறது. இவற்றுக்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும். கன்னடம் படிக்கும் குழந்தைகளைப் பற்றிச் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளைக் கற்கும் வேலை நான்காம் வகுப்புவரைகூட நீள்வது தெரியவந்தது. தமிழில் எழுத்துகள் குறைவுதான், ஆனால் உயிர்க்குறி சேரும் முறை அதே வகையைச் சேர்ந்தது. இரண்டாம் வகுப்பில் ‘கௌ’வும் ‘ஙௌ’வும் தெரியவில்லையே என்று பதறத் தேவையில்லை.

இன்னொன்று, ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறாக ஒலிப்பது. ‘கல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ககரம் ஒரே மாதிரி கேட்பதில்லை. இதற்கு இலக்கண விளக்கம் சொல்லி ஆறு வயதுப் பிள்ளையைக் குழப்ப வேண்டாம். குழந்தை அழுத்தி ‘பக்கல்’ என்று படித்தால், “ஆமா, பகல்!” என்று இயல்பாகத் திருப்பிச் சொன்னால் போதும். பேருந்துப் பலகைகள் இதற்கு அருமையான பாடம். ‘திண்டுக்கல்’ என்ற ஒரே ஊர்ப்பெயரில் மெல்லின எழுத்தை அடுத்து மென்மையாகும் டகரமும், இரட்டித்து வல்லென்று ஒலிக்கும் ககரமும் இருக்கின்றன.

எழுத்துக்கூட்டத் தெரிந்த பிறகும் தமிழ்க் குழந்தைக்கு ஒரு தடை உண்டு. ‘அவர்கள் வந்தார்கள்’ என்று சரியாகவே படித்துவிட்டு விழிக்கும்; வீட்டில் அது கேட்டிருப்பது ‘அவங்க வந்தாங்க’. எழுத்தை ஒலியாக்கும் திறமும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறமும் சேர்ந்ததே வாசிப்பு என்று 1986இல் ஆய்வாளர்கள் கஃப், டன்மர் இருவரும் முன்வைத்த கருத்து இங்கே அப்படியே பொருந்துகிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வாசிப்பு நடக்காது. அதனால் குழந்தை தானே படிக்கத் தொடங்கிய பிறகும் பெரியவர்கள் கதைப் புத்தகத்தை வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்துத்தமிழ் காதுக்குப் பழக வேறு சுலபமான வழியில்லை. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன.

பயிற்சிக்குத் தினமும் பத்து, பதினைந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது பலன் தராது. குழந்தை தடுமாறும்போது ஐந்தாறு நொடி பொறுத்திருந்து, முதல் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறதா என்ற ஐயம் வந்தால், பொருளற்ற சொற்களை எழுதிக் காட்டுங்கள்: டமிபு, பிட்டம. இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நடக்கும் ஃபோனிக்ஸ் சோதனையின் 40 சொற்களில் பாதி இப்படிப் புனைந்தவைதான். மனப்பாடத்துக்கு அங்கே இடமில்லை. வேற்றுக்கிரகவாசியின் பெயர் என்று சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படிப்பார்கள்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்துக் கற்பிக்கிறது. தங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது, இந்த வாரம் எந்த எழுத்துகள் நடக்கின்றன என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டால் வீட்டுப் பயிற்சி பள்ளியோடு முரண்படாது.

இத்தனைக்குப் பிறகும் மாதக்கணக்கில் முன்னேற்றமே தெரியாவிட்டால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். அவை சரியாக இருந்தால் டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். இது அறிவுக்குறைவும் சோம்பேறித்தனமும் இல்லை. அடித்து, திட்டி மாற்றக்கூடியதும் இல்லை. சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் போன்ற அமைப்புகளில் இதற்கான மதிப்பீடும் தனிப்பயிற்சியும் கிடைக்கின்றன. மூன்றாம் வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்காமல், சந்தேகம் வந்தவுடனேயே அழைத்துப் போவது நல்லது.