வாக்குமூலமும் கணினியும்

எம் ஊரைத் தமிழர் சீனன்குடா என்பர். ஆங்கிலத்தில் அது சைனா பே. சிங்களத்தில் சீன வராய. தபாற்காரருக்கு இம்மூன்றும் ஒன்றே. குடாவின் கரையில் வளர்ந்த சிறுவனுக்கும் ஒன்றே. கணினிக்கோ இவை மூன்று ஊர்கள். ஒரு முறைப்பாட்டில் சீனன்குடா என்றும், பிறிதொன்றில் சைனா பே என்றும் எழுதப்பட்டிருப்பின், அவ்விரண்டும் ஒரே கடற்கரையிலே ஒரே கிழமையில் நிகழ்ந்த களவுகள் என்பதனை, யாரேனும் முன்னதாகச் சொல்லிவைத்தாலன்றி அது தானாக அறியாது. பொலிசாரின் புலனாய்விற்குக் கணினி எங்ஙனம் துணைசெய்யும் என்பதை ஆராயப் புகுந்த யாம் இச்சிறு செய்தியிலிருந்தே தொடங்குகின்றோம். தமிழாசிரியனுக்கும் பொலிஸ் ஏட்டுக்கும் யாது தொடர்பு என்று வினவும் பழைய மாணவ நண்பர்களுக்கும் இதுவே எம் விடை.

பெருந்தொகையான ஏடுகளிலிருந்து வேண்டிய செய்தியைத் தேடி எடுத்தலை இக்காலத்தார் உரை அகழ்வு என்கின்றனர். பெயர் புதிது, வேட்கை பழைது. 1897 ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் விரல் அடையாளச் சாலை ஒன்று நிறுவப்பெற்றது. அங்கே அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இந்திய அலுவலர் இருவர் பத்து விரல்களின் சுழிகளையும் கணக்கிட்டு 1,024 அறைகளாகப் பகுக்கும் முறையினை வகுக்கப் பெரிதும் உழைத்தனர். அம்முறை அவர்தம் மேலதிகாரியாகிய எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் பரவிற்று. உழைத்தவர் பெயரை அறிந்தோர் சிலரே. அது நிற்க. அடுக்கி வைக்கும் முறை செவ்விதாயின் தேடும் பொருள் கைக்கு எட்டும் என்பதே அவர்கள் காட்டிய உண்மை.

அடுக்கும் முறை தவறினால் விளைவது யாது? இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியில் 1975 முதற்கொண்டு பெண்கள் பலர் கொலையுண்டனர். பொலிசார் பல்லாயிரம் அட்டைகளில் செய்திகளைப் பதிந்து குவித்தனர். அட்டைகள் பெருகப் பெருக, ஓர் அட்டையிலுள்ள பெயர் மற்றோர் அட்டையிலும் உண்டோ எனப் பார்ப்பதற்கு ஆட்களும் காலமும் போதாவாயின. பீற்றர் சட்கிளிவ் என்பானை அவர்கள் ஒன்பது முறை விசாரித்து ஒன்பது முறையும் போகவிட்டனர். 1981 சனவரியில், பொய்யான வாகன இலக்கத் தகட்டின் பொருட்டு அவன் பிடிபட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அதற்குள் பதின்மூன்று உயிர்கள் போயின. இதற்கிடையே யாரோ ஒருவன் தானே கொலைஞன் என ஒலிநாடாவில் பேசி அனுப்பினான். மொழிநூலறிஞர் அக்குரலைக் கேட்டு, அது சண்டர்லாந்து நகர்ப்புறத்துப் பேச்சு எனத் துணிந்தனர். பேசியவன் ஏமாற்றுக்காரனாகவும் இருக்கலாம் என எச்சரிக்கவும் செய்தனர். எச்சரிக்கை எடுபடவில்லை. அவ்வொலி இல்லாதவன் கொலைஞனாகான் என்று பொலிசார் எண்ணினர். மொழிநூலார் சொன்ன இரண்டும் மெய்யாயின: 2006 இல் தண்டிக்கப்பட்ட அவ்வேமாற்றுக்காரன் சண்டர்லாந்தைச் சேர்ந்தவனே. இந்த அவலத்தின் பின்னரே, 1980களின் நடுப்பகுதியில், ஹோம்ஸ் எனப் பெயரிட்ட கணினி முறையைப் பிரித்தானியப் பொலிசார் மேற்கொண்டனர். இந்தியாவிலும், 2008 இல் மும்பையில் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின், பொலிஸ் நிலையங்களை ஒரே வலையமைப்பில் இணைக்கும் திட்டத்திற்கு 2009 இல் நடுவணரசு ஒப்புதல் வழங்கிற்று.

இனி, கணினி செய்யும் வேலையின் இயல்பைக் காண்போம். அது முதற்கண் உரையினுள் ஆட்பெயர், ஊர்ப்பெயர், நாள், வாகன இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை அடையாளங்கண்டு பிரித்தெடுக்கும். பின்னர், ஓரிடத்தில் வந்த பெயர் வேறிடத்திலும் வந்ததா எனப் பொருத்திப் பார்க்கும். எம் நாட்டில் இடர் தோன்றுவது இங்கேதான். சுப்பிரமணியம் என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை வகையாக எழுதலாம் என்று எம் வகுப்பு மாணவர் ஒருநாள் விளையாட்டாக எழுதிப் பார்த்தனர். கரும்பலகையின் ஒரு பாதி நிரம்பிற்று. தந்தை பெயர் முன்னெழுத்தாகவும் சில வேளை முழுமையாகவும் வரும். அடையாள அட்டை இலக்கமேனும் ஒன்றாய் நிற்குமோ எனின், அதுவும் இல்லை. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வந்த அட்டையில் பன்னிரண்டு இலக்கம். பிறந்த ஆண்டும், அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இரண்டிலும் அமைந்துள. பெண்டிராயின் நாளெண்ணோடு 500 கூட்டப்பெறும். இதனை அறிந்து நிரல் எழுதுவோனே இரண்டு இலக்கங்களையும் ஓர் ஆளுக்கு உரியவை எனக் காண்பான்.

எழுத்துப்பிழைகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஓர் எழுத்து மாறுதல், ஓர் எழுத்து விடுபடுதல், ஓர் எழுத்து மிகுதல், அடுத்தடுத்த ஈரெழுத்து இடம்மாறுதல் என்னும் நான்கனுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பிழைகள் அடங்கும் என்று 1964 ஆம் ஆண்டில் பிரெட் டாமராவ் என்பார் எழுதினார். இந்த நான்காவது வகையை யாம் ஏட்டில் கற்கவில்லை, கண்ணாற் கண்டோம். எம் அயலிலுள்ள மீனவர் ஒருவரின் படகு எஞ்சின் களவு போயிற்று. முறைப்பாடு செய்ய யாமும் உடன் சென்றோம். அவர் தமிழிற் சொன்னார். எழுதியவர் தமக்குத் தெரிந்த மொழியில் எழுதினார். வாசிக்க அறியாத தாளில் நண்பர் கையொப்பமிட்டார். சில மாதங்களின் பின் எஞ்சின் வேறோர் ஊரில் அகப்பட்டது. ஆயினும் ஏட்டிலிருந்த இலக்கம் வேறு, எஞ்சினில் பொறித்த இலக்கம் வேறு என்றனர். பார்த்தால், இரண்டு இலக்கங்கள் இடம்மாறிக் கிடந்தன. "நான் சொன்னது சரி மாஸ்டர், எழுதினதுதான் பிசகு" என்று அவர் பலமுறை சொன்னார். வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துக் காட்டி எஞ்சினை மீட்கும்வரை அவர் பிறர் படகிற் கூலிக்குப் போனார். இத்தகைய பிறழ்ச்சியைக் கணினி நொடியில் சுட்டிக்காட்டும். இவ்விரு இலக்கங்களும் ஒன்றாய் இருத்தல் கூடும், ஆராய்க என்று சொல்லும். அந்த அளவில் அஃது ஏழைக்கு உற்ற நண்பனே.

ஆனால் சொல்லிலக்கணத்தை அறியாத நண்பன். உரையைச் சுருக்கித் தேடும்போது அடிக்கடி வரும் சிறுசொற்களைத் தள்ளிவிடுதலும், விகுதிகளை வெட்டிப் பகுதியை மட்டும் கொள்ளுதலும் வழக்கம். தமிழில் விகுதியை வெட்டினால் என்ன ஆகும்? "அவன் வந்தான்" என்பவன் கண்டு சொல்கின்றான். "அவன் வந்தானாம்" என்பவன் கேட்டுச் சொல்கின்றான். இரண்டிற்கும் வேற்றுமை ஈற்றிலுள்ள ஓர் 'ஆம்' மட்டுமே. இலங்கையின் 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், வாய்மொழிச் சான்று நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்கின்றது. ஆகவே 'ஆம்' விகுதியை வெட்டும் நிரல், செவிவழிச் செய்தி கூறியவனைக் கண்கண்ட சாட்சியாக்கிவிடும். 'வரவில்லை' என்பதிலுள்ள 'இல்லை' உதிர்ந்தால் வராதவனும் வந்தவனாவான். மொழிபெயர்ப்பிலும் இவ்விபத்து நேரும். கணினிக்கு முன்னரும் நேர்ந்தது.

சிறுசொற்களின் வலிமைக்கு ஓர் இங்கிலாந்து வழக்குச் சான்றாகும். 1952 நவம்பரில் குரோய்டன் நகரில் ஒரு பண்டசாலைக் கூரைமீது பொலிஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் பதினாறு வயதுச் சிறுவன். ஆதலின் அவன் தூக்கிற்குத் தப்பினான். உடனிருந்த பத்தொன்பது வயது டெரெக் பென்ற்லி 1953 சனவரி 28 இல் தூக்கிலிடப்பட்டான். அவனது வாக்குமூலம் அவன் தானே சொல்லச்சொல்ல எழுதியது என்றனர் பொலிசார். நெடுங்காலம் கழித்து மல்கம் கூல்த்தாட் என்னும் மொழிநூலறிஞர் அவ்வாக்குமூலத்தின் 582 சொற்களையும் எண்ணினார். 'பின்னர்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சிறுசொல் அதில் பத்து முறை வந்தது. அதுவும் 'பின்னர் நான்' என்று பொதுமக்கள் பேசும் வரிசையில் அன்றி, 'நான் பின்னர்' என்று பொலிசார் அறிக்கை எழுதும் வரிசையில் பலவிடத்து வந்தது. பேசியவன் நாவினும் எழுதியவன் பேனாவே அங்கு மிகுதியாகத் தெரிந்தது. 1998 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. விசாரணை நீதிபதி யூரிகளுக்குக் கூறிய அறிவுரையின் குறைபாடே அதற்குத் தலையாய காரணம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொழிநூலார் மிகைபடக் கூறுதல் தகாது. கொலைஞனைத் தேடப் பயன்படும் அதே எண்ணிக்கை முறை வாக்குமூலத்தை எழுதியவரையும் சோதிக்கும் என்பதே எமக்கு இதில் வியப்பு.

எம் நாட்டில் இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. பொலிஸ் அலுவலரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக எண்பிக்கலாகாது என்று மேற்கூறிய சான்றுச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு காவல் செய்தது. 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவி அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாதவரிடம் அளித்த ஒப்புதலை ஏற்க வழிசெய்தது. தமிழும் அரச கரும மொழி என 1987 இல் 13 ஆம் திருத்தம் கூறிற்று. ஆயினும் அறியாத மொழியில் எழுதிய தாளில் ஒப்பமிடும் வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை என்பதற்கு எம் மீனவ நண்பரே சான்று. அவருக்குப் போனது சில மாதக் கூலி. பிறருக்குப் போகக்கூடியது பெரிது. இத்தாள்களைக் கணினிக்குள் இடும்போது, சொன்ன மொழி யாது, எழுதிய மொழி யாது, இடையில் நின்று பெயர்த்தவர் யார் என்னும் மூன்றையும் உடன் பதியாவிடின், பிழையும் விரைந்தே ஓடும் என்பது எம் கருத்து.

குற்றம் நிகழுமுன்னே அது நிகழும் இடத்தைக் கணித்துரைக்கும் நிரல்களும் உள. அவை பழைய ஏடுகளைப் படித்தே கணிக்கின்றன. முன்னர் எங்கே பொலிசார் மிகுதியாகச் சென்றனரோ அங்கேயே மீண்டும் அனுப்புகின்றன. கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகரம் 2020 இல் அவற்றைத் தடைசெய்தது. சோதிடத்தில் எமக்கு உள்ள நம்பிக்கையே இதிலும் உண்டு, அதனை விரிக்கவில்லை.

மேல்வகுப்பு மாணவர் சிலர் இப்போது எம்மோடு சேர்ந்து ஒரு பட்டியல் எழுதி வருகின்றனர். திருகோணமலை மாவட்டத்து ஊர்ப்பெயர்களை மூன்று மொழியிலும், பேச்சு வழக்கிலும், பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஒரு வரிசையில் நிறுத்துதலே வேலை. தம்பலகாமம் தம்பலகமுவவாகும், கந்தளாய் கந்தலே ஆகும், ஆங்கில எழுத்தில் இரண்டும் பலவாகும். கிழவர்களைக் கேட்டு வரும்படி அனுப்பினால், பிள்ளைகள் யாம் அறியாத ஒழுங்கைப் பெயர்களையெல்லாம் கொண்டு வருகின்றனர். நகரமும் வயற்பக்கமும் முடிந்தன. கொட்டியாரப் பக்கத்துக் கரையோர ஊர்கள் எஞ்சியுள்ளன. அப்பக்கத்துப் பழைய மாணவர் எவரேனும் இதனை வாசித்தால் தம் ஊர்ப்பெயரின் எல்லா வடிவங்களையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதியனுப்புவாராக.