மேனி காட்டும் குறிகள்

குழந்தையின் மேனியில் சிவந்த பொட்டுகள் தோன்றிய அளவில், ‘அம்மை கண்டுள்ளது’ என்று கூறி வாயிலில் வேப்பிலை செருகுதல் தமிழ்நாட்டு ஊர்களில் நெடுநாளைய வழக்கம். பிறர் உட்புகாமல் தடுக்கும் அறிவிப்பாக அது பயன்பட்டது. ஆயினும் அம்மை என்னும் ஒரு பெயரால் வழங்கும் நோய்கள் பல. அவற்றுள் கொடியதாகிய பெரியம்மை 1975-இல் இந்தியாவை விட்டு அகன்றது. 1980-இல் உலகினின்றே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. எஞ்சியவை யாவும் எளியவை என்று எண்ணலாகாது.

மணல்வாரி எனப்படும் தட்டம்மையையே நோக்குக. இதில் முதலில் வருவது தடிப்பன்று. காய்ச்சலும் இருமலும் மூக்கு ஒழுகுதலுமாம். கண்கள் சிவந்து நீர் வடியும். கன்னத்தின் உட்புறத்தில் உப்புப் பரல் போன்ற வெண்புள்ளிகள் தோன்றுதலும் உண்டு. மூன்று நான்கு நாள் சென்ற பின்னரே முகத்திலும் காதின் பின்புறத்திலும் தடிப்புகள் எழுந்து கீழ்நோக்கிப் பரவும். அத்தடிப்புகள் தாமே மறையும். அஞ்சத்தக்கவை நுரையீரல் அழற்சியும் பார்வைக் கேடுமே. ஆதலின் தலைக்கு நீர் வார்க்கும் நாள்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே மருத்துவரை நாடவேண்டும். அவர் அளிக்கும் உயிர்ச்சத்து ‘ஏ’ கண்ணைக் காக்கும். ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒரு முறையும், ஒன்றரை வயதளவில் மறுமுறையும் இடப்படும் தடுப்பூசி இந்நோயைத் தடுக்க வல்லது.

சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளங்கள் தோன்றி மிக அரிக்கும். புதிய கொப்புளமும் உடைந்ததும் பொருக்குத் தட்டியதும் ஒரே வேளையில் அருகருகே காணப்படுதல் இதன் அடையாளம். அனைத்தும் பொருக்குத் தட்டும்வரை குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாகாது. கருவுற்ற மகளிர் அருகில் வருதலும் தகாது. காய்ச்சலைத் தணிக்க ஆஸ்பிரின் கொடுத்தல் கூடாது.

வேர்க்குருவோ கோடையின் தொல்லை. வேர் என்பது வியர்வை. பெயரே காரணத்தைக் கூறிவிடுகிறது. காற்றோட்டமும் மெல்லிய பருத்தி ஆடையும் போதும். சிரங்கு அவ்வாறன்று. விரலிடுக்குகளில் தோன்றி இரவில் அரிப்பு மிகுமாயின், தோலினுள் சிற்றுயிர் குடிபுகுந்துள்ளது எனக் கருதலாம். வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்திட்டாலன்றி அது நீங்காது.

கருநிற மேனியில் சிவப்பு எளிதில் புலப்படாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம் ஆகியவற்றையும் பார்த்தல் வேண்டும். கண்ணாடிக் குவளையின் பக்கத்தைத் தடிப்பின்மேல் அழுத்திப் பார்ப்பதும் நன்று. பெரும்பாலான தடிப்புகள் அழுத்தத்தில் நிறம் மங்கும். மங்காமல் செந்நீலப் புள்ளிகளாகவே நிற்குமாயின் தோலின் அடியில் குருதி கசிந்துள்ளது என்பது பொருள். காய்ச்சலோடு அது காணப்படின் மூளையுறை அழற்சி, டெங்கு முதலியவற்றின் குறியாகலாம். அந்நிலையில் ஒரு நாழிகையும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. மூச்சுத் திணறலோ, உதட்டு வீக்கமோ, கழுத்து விறைப்போ உடனிருப்பினும் அவ்வாறே செய்க. 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் ஊர்தி வரும். புள்ளிகள் மங்கினும், குழந்தை பாலும் நீரும் மறுத்துச் சோர்ந்து கிடக்குமாயின் வீட்டில் வைத்திருத்தல் ஆகாது.