நகைப்பில் ஓர் எச்சரிக்கை



சிரித்துக்கொண்டே பார்க்கத் தொடங்கியவரைச் சிந்தனையோடு எழுந்துவரச் செய்யும் திரைப்படங்கள் சில உண்டு. 1959ஆம் ஆண்டில் காரல் ரீட் இயக்கிய 'அவர் மேன் இன் ஹவானா' அத்தகையது. 'ஹவானாவில் நம் ஆள்' என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். கிரகாம் கிரீன் 1958இல் எழுதிய புதினமே அதற்கு மூலம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் உளவுத்துறையில் பணியாற்றியவர் கிரீன். ஆகவே, தாம் எள்ளி நகையாடிய உலகத்தை உள்ளிருந்தே அறிந்தவர்.

கதை இதுதான். கியூபாவின் தலைநகரில் தூசி உறிஞ்சும் இயந்திரங்களை விற்றுவருகிறார் வொர்மோல்ட் என்னும் ஆங்கிலேயர். வருவாயோ குறைவு, மகளின் செலவோ பெரிது. அந்நிலையில் பிரிட்டிஷ் உளவுத்துறை அவரை ஒற்றராக அமர்த்துகிறது. வேவுத்தொழில் அறியாத அவர், இல்லாத துணை ஒற்றர்களை இருப்பதாக எழுதிப் பணம் பெறுகிறார். தம் கடைச் சரக்கின் பாகங்களையே பெரிதாக வரைந்து, மலைப்பகுதியில் உருவாகும் பேராயுதம் என்று இலண்டனுக்கு அனுப்புகிறார். படம் தூசி உறிஞ்சும் இயந்திரம் போலிருக்கிறதே என்ற எண்ணம் அங்கேயும் எழாமலில்லை. எழுந்தும் என்ன பயன்? பகைவரின் ஆயுதத்தை எதிர்பார்த்திருந்த கண்களுக்கு ஆயுதமே தெரிந்தது.

இதுவரை நாம் சிரிக்கிறோம். ஆனால், அந்தப் பொய்யை எதிர்த்தரப்பினரும் நம்பிவிடுகின்றனர். அதன்பின் விமானி ஒருவர் கொல்லப்படுகிறார். வொர்மோல்ட்டின் நண்பரான முதிய மருத்துவரும் மடிகிறார். ஒற்றர்கள் கற்பனை, இறந்தவர்கள் உண்மை. முடிவில் உளவுத்துறை, தான் ஏமாந்ததை ஒப்புக்கொள்ள நாணி, வொர்மோல்ட்டுக்கு விருதளித்து, ஒற்றர்களுக்குப் பாடம் சொல்லும் பணியையும் தருகிறது!

கதைதானே என்று எண்ணாதீர்கள். 2003ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றத்தில், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் சில வரைபடங்களைக் காட்டினார். ஈராக்கில் வாகனங்களில் இயங்கும் நச்சுக்கிருமி ஆயுதக் கூடங்கள் அவை என்றார். ஜெர்மனியில் அடைக்கலம் தேடிய ஈராக்கியர் ஒருவரின் சொல்லே அவற்றுக்கு முதன்மை ஆதாரம். மறுமாதமே போர் மூண்டது. அத்தகைய கூடம் ஒன்றும் அகப்படவில்லை. 2011இல் அம்மனிதரே, தாம் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார்.

பேரரசுகளை மட்டும் குறை கூறி நான் தப்பிக்க விரும்பவில்லை. தலைமையாசிரியராக இருந்தபோது எனக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ஆசிரியர் ஒருவர் வினாத்தாள்களை வெளியே கொண்டுசெல்கிறார் என்றது அது. அன்றுமுதல் அவர் மாலையில் தாமதித்துச் செல்வதும் சான்றாயிற்று. பை கனத்திருப்பதும் சான்றாயிற்று. ஒருநாள் பலர் முன்னிலையில் அப்பையைத் திறக்கச் சொன்னேன். உள்ளே இருந்தவை இரண்டு ஏழை மாணவரின் பயிற்சி ஏடுகள். பள்ளி முடிந்தபின் ஊதியமின்றி அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன், அவரும் மன்னித்தார். ஆயினும், பழையபடி என்னோடு அமர்ந்து அவர் பேசியதில்லை.

அஞ்சிய மனம் சான்றைத் தேடுவதில்லை. தன் அச்சத்துக்குத் துணையையே தேடுகிறது. ஒற்றாடல் என்னும் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஒற்றரே வேண்டா என்று சொல்லவில்லை. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனாலும் ஆராய்ந்து கொள்ளவேண்டும் என்றார். கேட்ட செய்தி உங்கள் ஐயத்துக்கு மிகவும் இசைவாக இருக்குமானால், மாணவர்களே, அதனை இருமுறை ஆராயுங்கள். நான் ஒருமுறையேனும் ஆராய்ந்திருந்தால், ஒரு நல்லாசிரியரின் நட்பை இழந்திருக்க மாட்டேன்.