மதுவமும் உடல்நலமும்

குறிகட்டுவான் துறையிலே வள்ளமேறி ஏறக்குறைய ஒரு மணிநேரம் கடல்மீது சென்றால் நெடுந்தீவை அடையலாம். முருகைக்கல் மதில்களும் பனைகளும் நிறைந்த அத்தீவிற்குக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் வள்ளங்கள் ஓடுவதில்லை. காய்கறியும் மருந்தும் அக்கரையிலேயே தங்கிவிடும். ஆதலின், நெடுநாள் கெடாதிருந்து உடலுக்கு உறுதி நல்கும் உணவு யாது என்னும் வினா, தீவகத்தார்க்கு ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. மேலைநாடுகளிலே இன்று பெரிதும் புகழப்படும் மதுவச் செதில்கள் அவ்வினாவிற்கு எவ்வளவு விடையாகும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஈஸ்ற்று எனப்படும் மதுவம், கண்ணுக்குத் தனித்துப் புலனாகாத ஒருகலப் பங்கசு வகையாகும். அது நமக்குப் புதிய விருந்தன்று. பாளையிலிருந்து வடியும் இன்சாற்றை, உட்புறம் சுண்ணாம்பு தடவிய முட்டியில் ஏந்தினால் புளிக்காத கருப்பநீர் கிடைக்கும். சுண்ணாம்பு இல்லையேல், காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் சாற்றின் வெல்லத்தை உண்டு, அற்ககோலையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் ஆக்கும். அதுவே கள். நம் அன்னையர் அப்பமாவிலே சிறிது கள் விட்டு இரவெல்லாம் பொங்கவைத்ததும் இவ்வாயுவின் பொருட்டே. அப்பத்தின் நடுவே தோன்றும் சிறு கண்ணறைகள் யாவும் மதுவத்தின் கைவண்ணமே.

எனினும், மாவைப் பொங்கவைக்கும் இச்சிற்றுயிர் தானே சிறந்த உணவாகும் என்பதை மருத்துவ உலகம் உணர்ந்தமைக்கு நம் அயல்நாடே களமாயிற்று. 1928 ஆம் ஆண்டிலே லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி இந்தியாவிற்கு வந்தார். பம்பாயின் துணியாலைகளிலே உழைத்த வறிய பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான குருதிச்சோகையால் நலிவதை ஆராய்ந்தார். குன்னூரிலும் சிறிதுகாலம் ஆய்வு நடத்தினார். மதுவச் சாறாகிய மாமைற்றைக் கொடுத்தபோது அந்நோய் நீங்குவதைக் கண்டு 1931 இல் வெளியிட்டார். அச்சாற்றில் மறைந்து நின்ற பொருள் யாதென அன்று எவரும் அறியார். 1941 இல் பசளிக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் பெயரிடப்பட்ட போலிக்கமிலமே அது.

நம் நாட்டிலும் 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது, சூரிய மல் இயக்கத்தார் ஊட்டமின்றி வாடிய மக்களுக்கு மாமைற்றை வழங்கினர். பசியால் மெலிந்த உடலுக்கு மருந்து மட்டும் போதாது என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

இன்று செதிலாகவும் தூளாகவும் விற்கப்படும் ஊட்ட மதுவம், பெரும்பாலும் வெல்லப்பாகிலே வளர்க்கப்பட்டு, கழுவப்பட்டு, வெப்பத்தாற் கொல்லப்பட்டு உலர்த்தப்படுவது. உயிரற்றதாதலின் அது மாவைப் பொங்கவைக்காது. அதன் நிறையில் ஏறக்குறைய அரைப்பங்கு புரதம். பீ தொகுதி விற்றமின்கள் பலவும் அதில் உள. ஈரம் படாமல் மூடிவைத்தால் நெடுநாள் கெடாதிருக்கும். மச்சம் சேராத ஒடியற்கூழிலும், சொதியிலும், சம்பலிலும் ஒரு தேக்கரண்டி தூவினால் சுவையும் மிகும். நெடுநேரம் கொதிக்கவைத்தால் விற்றமின்கள் சில அழியுமாதலால், அடுப்பிலிருந்து இறக்கியபின் சேர்த்தலே நன்று.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் கூறல் வேண்டும். முதலாவது, பீ 12 என்னும் விற்றமின் மதுவத்தில் இயல்பாக இல்லை. உற்பத்தியாளர் சேர்த்தாலன்றிக் கிடைக்காது. பாலும் தயிரும் அருந்தாத தூய மரக்கறியுணவினர் இதனைச் சிறப்பாகக் கருத்திற்கொள்ள வேண்டும். பீ 12 குறைந்தவர்க்குப் போலிக்கமிலம் மிகுதியாகக் கிடைப்பின் குருதிச்சோகை மறைந்துவிடும். நரம்புகளுக்கு நேரும் கேடோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே, பொதியின் மேலுள்ள விவரத்தை வாசித்தறிதல் இன்றியமையாதது. இரண்டாவது, கருவுற்ற தாய்மார் மதுவத்தை நம்பி, மருத்துவமாது தரும் மாத்திரைகளைக் கைவிடலாகாது. நாள்தோறும் 400 மைக்குரோகிராம் போலிக்கமிலமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும் அவர்களுக்கு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மூன்றாவது, மூட்டுகளைத் தாக்கும் கௌற்று நோயுடையோரும், மனச்சோர்விற்கு ஒருசாரார் உட்கொள்ளும் சில மருந்துகளைப் பாவிப்போரும் மருத்துவரைக் கேளாது இதனை உண்ணலாகாது.

"கள்ளிலும் மதுவம் உண்டன்றோ? ஆதலின் கள்ளும் நல்லுணவே" என வாதிப்பாரும் நம்மிடையே உளர். நன்மை மதுவத்தின் உடலில் உள்ளது. அது ஆக்கும் அற்ககோலில் இல்லை. தயமினும் போலிக்கமிலமும் உடலிற் சேர்வதை அற்ககோல் தடுக்கும். ஒரு கையாற் கொடுத்து மறுகையாற் பறிக்கும் நண்பனை ஒத்தது கள்.

ஆகவே, மதுவம் சர்வரோக நிவாரணி அன்று. பயறும், முருங்கையிலையும், பாலும் அமைந்த நம் உணவிற்கு அது துணையாகலாம், மாற்றாகாது. கடல்கடந்து வாழும் எம் பழைய மாணவர்கள் தீவிலுள்ள தம் உற்றார்க்கு ஒரு பொதி மதுவம் அனுப்புவாராயின், அதனை உண்ணும் முறையையும் அதனால் ஆகாதவற்றையும் தெளிவாக எழுதிய ஒரு கடிதத்தையும் உடன் வைத்தனுப்புவாராக. வள்ளம் வாராத நாட்களிலும் அவ்வறிவு அவர்களுக்குத் துணைநிற்கும்.