உரிமம் வேண்டா ஒலிவாங்கிக்கும் விதி உண்டு

அமெரிக்காவில் வாழும் நம் மன்றங்கள் கலைவிழாக்களுக்கும் அரங்கேற்றங்களுக்கும் கம்பியில்லா ஒலிவாங்கிகளைப் பயன்படுத்துகின்றன. இவற்றுட் பல, தொலைக்காட்சி நிலையங்கள் பயன்படுத்தாத அலைவரிசைகளில் இயங்குபவை. வலுக் குறைந்த கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. ஆயின் பாதுகாப்பும் இல்லை. உரிமம் பெற்றோருக்கு நாம் இடையூறு செய்யலாகாது. அவர்களால் நமக்கு நேரும் இடையூற்றைப் பொறுத்தேயாகவேண்டும்.

2017இல் நிறைவுற்ற ஏலத்தின் வழி 600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி கைப்பேசிச் சேவைக்குச் சென்றது. எனவே 617 முதல் 652 வரையும், 663 முதல் 698 வரையும் உள்ள மெகாஹெர்ட்ஸ் எல்லைகளில் இயங்கும் ஒலிவாங்கிகளை 2020 ஜூலை 13க்குப் பின் பயன்படுத்துதல் விதிமீறலாகும்.

பழைய கருவியொன்று மலிவாகக் கிடைப்பின், கருவியிலோ கையேட்டிலோ குறித்துள்ள அலைவரிசையை முதலிற் பார்ப்போம். மேடையேறும் நம் பிள்ளையின் குரல் இடையில் அறுந்துபோகாதிருக்க அதுவே வழி.